அறுபதுக்கு மேல் வால்வு மாற்று: நோயாளிக்கும் கூட்டாளிகளுக்கும்

எக்கோ ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘சிவியர் ஏ.எஸ்.’ என்று இருந்தால் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி, “எத்தனை பிளாக்?” என்பதுதான். ஏ.எஸ். என்றால் அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ், அதாவது இதயத்தின் அயோர்ட்டிக் வால்வு சுருங்கிப்போவது. இது பிளாக் இல்லை. பிளாக் என்றால் இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்களில் வரும் அடைப்பு. இதுவோ இதயத்துக்கு உள்ளே, ரத்தம் ஒரே திசையில் போகும்படி திறந்து மூடும் இதழ்களில் வரும் கோளாறு. ஸ்டென்ட் வைத்தால் போய்விடாது. மாத்திரையில் கரையாது. மாத்திரை மூச்சிரைப்பையும் கால் வீக்கத்தையும் கொஞ்ச நாள் தணிக்கும், அவ்வளவுதான். முற்றிப்போன வால்வை மாற்றத்தான் வேண்டும்.

அறுபது, எழுபது வயதில் அந்த முடிவை எடுக்க வேண்டியவருக்கும், தினமும் அவரோடு டீ குடித்து, வாக்கிங் போய், கேரம் ஆடுகிற கூட்டாளிகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட பகல் நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது அனேகமாகக் கூட்டாளிகள்தான். அவர்கள் செய்ய வேண்டியது ஆறுதல் சொல்வதை விட வேலையைப் பிரித்துக்கொள்வது. எந்த வேலை, எப்போது என்பது தெரியாமல் பாசத்தில் செய்கிற சில காரியங்கள் கெடுதலாகவும் முடிகின்றன. அதையும் சொல்லியாக வேண்டும்.

வால்வில் நடப்பது என்ன

வட சென்னையில் அடிபம்பு அடிக்காத கை இருக்காது. உள்ளே வாசர் தேய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் ஏறின தண்ணீர் திரும்ப இறங்கிவிடும். வழி அடைத்துக்கொண்டால் தோள் வலிக்க அடித்தும் நூல் மாதிரிதான் வரும். இதய வால்வுக்கு வருவதும் இந்த இரண்டு கோளாறுதான். ஒன்று ஒழுக்கு, இன்னொன்று சுருக்கம்.

இதயத்தில் நான்கு வால்வுகள். வயதான காலத்தில் அதிகம் மாற்றப்படுவது, இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் வெளியேறும் இடத்திலுள்ள அயோர்ட்டிக் வால்வு. அதில் மூன்று மெல்லிய இதழ்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. வயதாக ஆக அந்த இதழ்களில் கால்சியம் படிந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி விறைத்துவிடும். பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழோடு பிறந்தவர்களுக்கு இது பத்து, இருபது ஆண்டுகள் முன்னதாகவே வரும். கால்சியம் மாத்திரை சாப்பிட்டதால் வந்ததா, சுண்ணாம்பு போட்டு வெற்றிலை மென்றதால் வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை.

இடது பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. சிறு வயதில் தொண்டைப் புண்ணும் அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்து, பல ஆண்டுகள் 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அனேகமாகக் கெடுவது இதுதான். ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பு அது. மைட்ரல் வால்வைச் சில சமயம் மாற்றாமலே பழுது பார்க்க முடியும். முடிந்தால் அதுதான் நல்லது.

ரிப்போர்ட்டில் மூன்று எண்களைப் பாருங்கள். அயோர்ட்டிக் வால்வு முழுதாகத் திறக்கும்போது இருக்க வேண்டிய பரப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. அது 1-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். அந்தச் சந்து வழியே ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4 மீட்டர், அல்லது சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம். இந்த அளவைத் தொட்டாலும் கடுமைதான். இவற்றோடு ‘இ.எஃப்.’ என்று ஒரு சதவீதம் இருக்கும். இதயம் ஒவ்வொரு அடிக்கும் உள்ளிருக்கும் ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பது அது. கடுமையான சுருக்கத்தோடு அது 50-க்குக் கீழே இறங்கினால், “எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்று சொல்பவருக்கும் டாக்டர் ஆபரேஷன் சொல்வார்.

முதலில் கண்டுபிடிப்பது கூட்டாளிகள்

அறிகுறிகள் மூன்று: நடந்தால், படி ஏறினால் மூச்சு வாங்குவது; அதே நேரத்தில் நெஞ்சை அழுத்துவது; வேகமாக நடக்கும்போது கண் இருட்டி மயக்கம் போடுவது. நோயாளி இதை ஒத்துக்கொள்ள மாட்டார். வயசாச்சு என்பார். தெரியாமலே தன் நடையைக் குறைத்துக்கொள்வார். ராபின்சன் பூங்காவில் நான்கு சுற்று நடந்தவர் இரண்டோடு உட்காருவார். ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடிக்கு ஏறும்போது நடுவில் நின்று செல்போனைப் பார்ப்பதுபோல நடிப்பார். கூடவே நடப்பவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். டாக்டரிடம் போகும்போது அவரும் கூடப் போய், “ஆறு மாசத்துக்கு முன்னாடி இவர் இவ்வளவு நடப்பார், இப்போ இவ்வளவுதான்” என்று சொன்னால், அது பாதி நோய்க்குறிப்புக்குச் சமம்.

அறிகுறி தொடங்கியபின் கடுமையான சுருக்கத்தை அப்படியே விட்டால், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. “கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்பது இங்கே ஆபத்தான வார்த்தை.

இன்னொரு எச்சரிக்கை. நெஞ்சு வலி என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் பையிலிருந்து எடுத்து, “அண்ணே, நாக்குக்குக் கீழ வெச்சுக்கோங்க” என்று கொடுக்கும் சார்பிட்ரேட் மாத்திரை, வால்வு சுருங்கியவருக்கு ரத்த அழுத்தத்தைச் சட்டென்று சரித்துவிடலாம். குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அந்தச் சரிவைத் தாங்கி ஈடுகொடுக்க முடியாது. இந்த நோய் இருப்பது தெரிந்தவருக்கு, அவருடைய டாக்டர் எழுதிக்கொடுக்காத நெஞ்சுவலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எந்த வால்வு

இரண்டு வகை. ஒன்று உலோகமும் கார்பனும் போன்ற பொருள்களால் ஆனது, பேச்சில் ‘மெட்டல் வால்வு’. இன்னொன்று மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ பதப்படுத்திச் செய்தது, ‘டிஷ்யூ வால்வு’. மெட்டல் பெரும்பாலும் ஆயுள் முழுக்க வரும். ஆனால் அதன் மேல் ரத்தம் உறையப் பார்க்கும் என்பதால் சாகும்வரை ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அதற்கான ரத்தப் பரிசோதனையும் விடாமல் செய்ய வேண்டும். டிஷ்யூ வால்வுக்கு அந்த மாத்திரை அனேகமாக முதல் 3 முதல் 6 மாதம்தான், சிலருக்கு வெறும் ஆஸ்பிரின். ஆனால் 10, 15 ஆண்டுகளில் அது தேய்ந்துபோகும்.

65 வயதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் டிஷ்யூ. 50-க்குக் கீழே என்றால் மெட்டல். நடுவில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். யோசிக்கும்போது வயதோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்துப் பாருங்கள்: மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகிற ஒழுங்கு உண்டா, அடிக்கடி தடுக்கி விழுகிறவரா, குடிப்பழக்கம் உண்டா, வயிற்றுப் புண்ணில் ரத்தம் போயிருக்கிறதா. இதய மேலறை துடிப்புக் கோளாறால் ஏற்கெனவே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கணக்கே மாறும். இந்த இடத்தில் கூட்டாளிகள் ஒதுங்கிக்கொள்வது நல்லது. “என் மச்சானுக்கு மெட்டல்தான் வெச்சாங்க, இருபது வருஷமா ஓடுது” என்பது அந்த மச்சானின் வயதுக்கும் உடம்புக்கும் பொருந்திய கணக்கு.

மெட்டலில் நம் நாட்டிலேயே செய்வது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தயாரிப்பது டிடிகே. கோபால்ட் கலவை உலோகச் சட்டத்துக்குள் கெட்டியான பாலிஎத்திலீன் தட்டு ஒன்று சாய்ந்து சாய்ந்து திறக்கும். வெளிநாட்டு வால்வை விட விலை குறைவு. அதனால் தரம் குறைவாக இருக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

நெஞ்சைத் திறக்காமல் தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மடக்கிய டிஷ்யூ வால்வைக் கொண்டுபோய் பழைய வால்வுக்குள்ளேயே விரிக்கும் முறைக்கு ‘டாவி’ என்று பெயர். 2002-ல் பிரான்சில் அலென் கிரிபியே முதல்முறையாகச் செய்தார். எழுபதுகளின் நடுவைத் தாண்டியவர்களுக்கும், நுரையீரலோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்களுக்கும் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள். சில நாளில் வீடு திரும்பலாம். வால்வின் விலையே பல லட்சம் என்பது ஒன்று. பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு ஆபரேஷனை விடச் சற்று அதிகம் என்பது இன்னொன்று. எல்லாருடைய ரத்தக்குழாயும் இதற்கு இடம் கொடுக்காது, சி.டி. எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

எங்கே, எதைக் கொண்டு

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பெரியவர்கள் இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் ஸ்டான்லியிலும், சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதய அறுவை சிகிச்சைத் துறை உண்டு. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே ஆகியவற்றில் இருந்து ஓய்வு பெற்று மருத்துவ அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. 1975-ல் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை டாக்டர் கே.எம். செரியன் செய்தது அங்கேதான். அப்படி ஓர் இடம் பக்கத்திலேயே இருக்க, அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடன் வாங்கித் தனியாருக்குப் போகும் குடும்பங்கள் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். சென்னையில் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்யலாம். ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா, ஆதாரிலும் அதிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பெயரில் இனிஷியல் மாறியிருப்பதாலேயே அனுமதி தாமதமாவது உண்டு. அலைச்சலுக்கு அஞ்சாத, கவுண்டரில் கோபப்படாத ஒரு கூட்டாளியிடம் இந்த வேலையை முழுதாக ஒப்படையுங்கள். எல்லா ரிப்போர்ட்டும் தேதி வாரியாக ஒரே ஃபைலில், மூன்று நகலோடு அவர் கையில் இருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

முதல் வேலை பல். கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சொத்தைப் பல்லிலும் ஈறிலும் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் ஒட்டிக்கொண்டால் வரும் தொற்று, வால்வு நோய்களிலேயே மோசமானது. மறுபடி ஆபரேஷன் வரை போகும். ஆகவே பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கி, ஈறு ஆறியபின்தான் தேதி கொடுப்பார்கள். மாவா, ஹான்ஸ் போடுபவர்களுக்கு ஈறு பெரும்பாலும் கெட்டிருக்கும். பீடி, சிகரெட்டைக் குறைந்தது 4 வாரம் முன்னால் நிறுத்தினால்தான் ஆபரேஷனுக்குப் பின் சளி கட்டாமல் தப்பலாம். இங்கே கூட்டாளிகள் செய்ய வேண்டியது சுலபமானதும் கஷ்டமானதும் ஆன ஒன்று: அவர் எதிரே பற்ற வைக்காமல் இருப்பது.

ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். ரத்தக்குழாயில் அடைப்பும் இருந்தால் அதே ஆபரேஷனில் பைபாஸையும் முடித்துவிடலாம் என்பதற்காக. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரைகளை வழக்கமாக 5 நாள் முன்பும், சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் வகையை 3 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, சூரணம் எது சாப்பிட்டாலும் அதையும் சொல்லிவிடுங்கள், திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

ரத்தம். எத்தனை யூனிட் என்று மருத்துவமனை சொல்லும். 2 முதல் 4 வரை கேட்பது வழக்கம். கொடுப்பவரின் குரூப் நோயாளியின் குரூப்போடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ரத்த வங்கி தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஈடாக நீங்கள் கொடுப்பதை வைத்துக்கொள்ளும். கொடுப்பவருக்கு வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல் இருக்க வேண்டும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கடந்த ஒரு வருடத்தில் பச்சை குத்தியவர், முந்தின நாள் குடித்தவர் வரிசையில் நின்று திரும்பி வர வேண்டாம். எழுபது வயதுக் கூட்டாளிகளால் ரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் பேட்டையில் ஃபுட்பால் ஆடுகிற பையன்களில் யாருக்கு எந்த நாள் லீவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து பேர் தேவை என்றால் எட்டுப் பேரைச் சொல்லி வையுங்கள். வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுகிறவர் ஒருவராவது இருப்பார்.

ஆபரேஷன் அன்று

மூன்று முதல் ஐந்து மணி நேரம். நடு நெஞ்செலும்பைப் பிளந்து, ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத்தை நிறுத்துவார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகா தமனியைத் திறந்து கெட்ட இதழ்களை வெட்டி, கால்சியத்தைச் சுரண்டி எடுத்து, வளையத்தின் அளவு பார்ப்பார்கள். 19, 21, 23 என்று மில்லிமீட்டரில் வரும். சுற்றிலும் பன்னிரண்டு, பதினைந்து தையல் போட்டுப் புது வால்வை இறக்கி முடிச்சிடுவார்கள். பிறகு இதயத்தை ஓடவிட்டு, நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பிகளால் கட்டுவார்கள். அந்தக் கம்பி உள்ளேயே இருக்கும், எடுப்பதில்லை. மற்றபடி உடம்பு நன்றாக உள்ளவர்களுக்கு உயிருக்கு ஆபத்து 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு. பைபாஸும் சேர்ந்தால், சிறுநீரகம் கெட்டிருந்தால், வயது எண்பதைத் தொட்டால் கூடும்.

வெளியே காத்திருக்க ஆஸ்பத்திரிக்கு இருபது பேர் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவர், ஓடி ஆடிச் செய்ய ஒருவர் போதும். மூன்றாவதாக ஒருவர் வீட்டிலிருந்தபடியே எல்லாருக்கும் செய்தி சொல்லட்டும். நோயாளியின் மனைவிக்கு நாற்பது போன் வராமல் தடுப்பதே பெரிய உதவி.

கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச முடியாது, கை கட்டியிருக்கலாம். முன்பே சொல்லிவைத்தால் பயம் குறையும். குழாயை அன்றிரவோ மறுநாள் காலையோ எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது நாளில் இரண்டு விஷயங்கள் வரலாம். ஒன்று, இதயம் தாறுமாறாகத் துடிப்பது. மூன்றில் ஒருவருக்கு வரும், மருந்தில் அடங்கும். இரண்டு, வயதானவர்களுக்குக் குழப்பம். எந்த இடம், எந்த நாள் என்று தெரியாது, நர்ஸை விரட்டுவார், இல்லாத ஆளோடு பேசுவார். மூளை கெட்டுப்போகவில்லை, சில நாளில் தெளியும். கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பழகின குரலில், “வாத்தியாரே, இது ஆஸ்பத்திரி, இன்னிக்கு வியாழக்கிழமை, சாயந்தரம் ஆயிடுச்சு” என்று ஒருவர் நிதானமாகச் சொல்வது வேலை செய்யும். அவரோடு வாதாடுவது செய்யாது.

மூன்று பந்துள்ள ஊதல் கருவி ஒன்று கொடுப்பார்கள். பெயர்தான் ஊதல், உள்ளே இழுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை. வலிக்குப் பயந்து இழுக்காமல் விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி நிமோனியா வரும். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி பாதியாகும்.

வீட்டில் முதல் மூன்று மாதம்

ஒரு வாரம், பத்து நாளில் டிஸ்சார்ஜ். நெஞ்செலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும், முழுப் பலம் வர 3 மாதம். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இழுக்கவோ தள்ளவோ கூடாது. நம் வீடுகளில் இது என்ன என்று பாருங்கள். நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ. கேஸ் சிலிண்டர் முப்பது கிலோவைத் தொடும். வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போடுவது, ஷட்டரை இழுத்து ஏற்றுவது, கடல் காற்றில் துருப்பிடித்த ஜன்னலை உலுக்கித் திறப்பது எல்லாமே இதில் சேரும். மீறினால் கம்பி அறுத்துக்கொண்டு எலும்பு விலகும். மூச்சு விடும்போது நெஞ்சில் ‘கடக்’ என்று நகர்வது தெரியும். உடனே போய்க் காட்ட வேண்டும். ஆக, தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கு யார் குடம் பிடிப்பது என்று கூட்டாளிகள் வார முறை போட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளி பெண் என்றால் இது இன்னும் கண்டிப்பாக வேண்டும். ஆண்கள் படுத்திருப்பார்கள். பெண்கள் இரண்டாம் வாரமே அடுப்படிக்கு வந்து இட்லிப் பானையைத் தூக்குவார்கள், “சும்மா உக்கார முடியலை” என்பார்கள். தோழிகள் நேரம் பிரித்துக்கொண்டு ஒருவர் காலை டிபன், ஒருவர் மதியச் சோறு என்று முதல் ஒரு மாதம் கொண்டுவந்தால்தான் அவர் கை சும்மா இருக்கும்.

எழுந்திருக்கும்போது கையை ஊன்றாமல் காலின் பலத்தில் எழ வேண்டும். தரையோடு இருக்கும் கழிவறையில் அது முடியாது. நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி மேலே போட்டுவிடுங்கள். முக்கக் கூடாது, மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். தலை வழியாக மாட்டும் பனியன் வேண்டாம், முன்னால் பொத்தான் வைத்த சட்டை போதும். படி ஏறலாம், நின்று நின்று, மெதுவாக. ஆனால் மூன்று மாடியை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறும்படி வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் ஒரு கூட்டாளி வீட்டில் மூன்று வாரம் தங்க இடம் கிடைத்தால் அதை விடப் பெரிய உதவி இல்லை. டூ வீலரில் பின்னால் உட்காருவதும் 6 வாரத்துக்கு வேண்டாம். ஆட்டோ என்றால் தலையணை கையில் இருக்கட்டும்.

நடை முக்கியம். முதல் வாரம் 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டி, ஒன்றரை மாதத்தில் அரை மணி நேரம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், அதுதான் வேகத்தின் அளவு. கூட நடப்பவர் அரசியல் பேசிச் சூடேற்றாமல் இருந்தால் சரி. கேரம் ஆட ஒன்றரை மாதம் காத்திருக்கத் தேவையில்லை, நிமிர்ந்து உட்கார முடிந்தால் போதும்.

பார்க்க வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் கிளம்புங்கள். சளி, இருமல் இருந்தால் வரவே வேண்டாம். முதல் சில வாரம் நோயாளிக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், தூக்கம் கெடும், எரிந்து விழுவார். இது வழக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாட்டையும் நடையையும் ஒதுக்கினால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன். காசிமேட்டு மீன் தாராளமாகச் சாப்பிடலாம், கருவாடு கூடாது. ஊறுகாய், அப்பளமும் அந்தக் கணக்குதான்.

ஐ.என்.ஆர். என்னும் கணக்கு

மெட்டல் வால்வு வைத்தவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் தருவார்கள். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை வைத்து ஐ.என்.ஆர். என்று ஒரு எண் வரும். சாதாரணமாக 1. அயோர்ட்டிக் மெட்டல் வால்வுக்கு 2 முதல் 3, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5 இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி சேரும், அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கூடினால் ரத்தக்கசிவு. தொடக்கத்தில் சில நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம், நிலைத்தபின் மாதம் ஒருமுறை பரிசோதனை.

மாத்திரை மாலை ஒரே நேரத்தில். காலையில் ரத்தம் கொடுத்தால் சாயந்தரத்துக்குள் ரிசல்ட் வந்து அன்றைய அளவை மாற்ற முடியும், அதனால்தான் மாலை. மறந்துவிட்டால் அன்றைக்குள் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள் ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. நோட்டில் மூன்று பத்தி போதும்: தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு. கண் சரியாகத் தெரியாதவருக்கு ஒரு கூட்டாளி எழுதிவைக்கலாம்.

இனி, பாசம் செய்யும் கெடுதல்கள். “ரத்தம் ஊறணும்” என்று தினமும் முருங்கைக்கீரை சூப் வருகிறது. கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், ஐ.என்.ஆர். இறங்கும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். திடீரென்று கூட்டுவதும் திடீரென்று விடுவதும்தான் தவறு. அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ‘செட்டு’ மாத்திரை. மூட்டு வலிக்கு அதில் இருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். வலிக்கு பாராசிட்டமால், அதுவும் அளவோடு. இடுப்பில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும், ஊசி போட வருபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்ஸசோல், தோல் படைக்கான ஃப்ளூகோனசோல் போன்றவை ஐ.என்.ஆரைத் தூக்கிவிடும். எந்தப் புது மருந்து தொடங்கினாலும் சில நாளில் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். காய்ச்சல் வந்து நான்கு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் எண் ஏறும். ஒரேயடியாகக் குடித்தாலும் ஏறும். “ஒரு நாள்தானே தலைவா” என்று ஊற்றிக் கொடுப்பவர் இதை நினைவில் வைக்கட்டும்.

பரிசோதனையே தேவையில்லாத புது மாத்திரை வந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். டபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் போன்றவை மெட்டல் வால்வுக்கு ஆகாது. டபிகாட்ரானை மெட்டல் வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

எப்போது ஓட வேண்டும்

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் 108. தண்ணீர் கூடக் கொடுக்காதீர்கள். மெட்டல் வால்வுக்காரருக்கு இரவின் அமைதியில் ‘டிக் டிக்’ சத்தம் கேட்கும், அது கோளாறு இல்லை. அந்தச் சத்தம் மங்கி, மூச்சும் திடீரென்று வாங்கினால் வால்வு கட்டியில் சிக்கியிருக்கலாம், அரை மணி கூடத் தாமதிக்கக் கூடாது. தலையில் அடிபட்டால் ஆள் நன்றாகப் பேசினாலும் சி.டி. எடுக்க வேண்டும். மலம் தார் மாதிரி கறுத்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், நெஞ்சுத் தையலில் நீர் கசிந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். காய்ச்சலுக்கு நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டால் வால்வில் ஒட்டிய கிருமியை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ரயில்வே கேட் குறுக்கிடும் தெருவில் இருப்பவர்கள், கேட் இல்லாத வழி எது என்று பகலிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவையுங்கள்.

வால்வின் வகை, அளவு, பொருத்திய தேதி எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதை லேமினேட் செய்து பர்ஸில் ஒன்று, போனில் படமாக ஒன்று, கூட்டாளி ஒருவரின் போனில் ஒன்று வையுங்கள். வருடத்துக்கு ஒரு எக்கோ எடுக்கச் சொல்வார்கள். பல் பிடுங்கவோ ஈறு சுத்தம் செய்யவோ போகும்போது அந்த அட்டையை முதலில் காட்டுங்கள். வழக்கமாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின் சாப்பிடச் சொல்வார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு மருந்து உண்டு. பல் டாக்டர் சொன்னார் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேட்டபின்தான்.